ஈரம் காயாத இறகு

எங்க வேர்க்கடலைக் கொல்லைக்கு ஒரு மயிலு வரும். மழைக்காலத்துல அது உதிர்க்குற இறகைப் பொறுக்கிப் பரண் மேல வெச்சிருப்பேன். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அதைக் கட்டித்தான் எங்க வூட்டுக்காரரு திருத்தணி மலைக்குக் காவடி எடுப்பாரு.

தொண்ணூத்தி எட்டுல, விதைச்ச கடலையெல்லாம் மயிலு கிளறித் தின்னுடுச்சு. கிருத்திகைக்கு முந்தின நாள் அவரு கை நிறைய இறகோட வந்தாரு.

"ஞானம்மா, முருகரே குடுத்தாரு. காவடிக்குக் கட்டு."

தானா உதிர்ந்த இறகோட அடி வெள்ளையா காய்ஞ்சிருக்கும். இதுல ரத்தம் ஈரமா இருந்துது. கொல்லைக்கு ஓடினேன். வரப்போரம் மருந்து தடவின கடலை சிதறிக் கெடந்துது. பக்கத்துல மயிலு, தோகையே இல்லாம, கோழி மாதிரி சுருண்டு கெடந்துது.

"நான் கட்ட மாட்டேன்"னேன். அவரே கட்டிக்கினாரு.

மலை மேல ஒரு குருக்கள் காவடியைத் தொட்டுப் பார்த்து, "இறகு என்னமா மின்னுது"ன்னாரு.

"ஆங் சாமி, எங்க கொல்லைக்குத் தினம் வர்ற மயிலுங்க"ன்னாரு இவரு, பெருமையா.

நான் படிக்கட்டுல உக்காந்து அழுதேன். பக்தின்னு நெனச்சு ஜனங்க என்னைக் கும்பிட்டுப் போனாங்க.