சீனிக்கு நல்ல தேத்தண்ணி

பைகளில் மூலிகைத் தூள் நிரப்பி ஒட்டி முடிந்ததும் மேசைக்கடியில் உதிர்ந்ததைக் கூட்டுவது நாட்சம்பளத்துக்கு வரும் கெசுவல் ஆட்களின் வேலை. கூட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொழுந்து பறித்தவர்களுக்குக் கழிவுத் தூள் கொடுத்த தேயிலைத் தோட்டத்து வழக்கம், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் இருந்த இந்த மூலிகைக் கம்பனிக்கும் யாரும் சொல்லாமலே வந்து சேர்ந்திருந்தது. பெட்டிக்குள் போனால் அது கொத்தலஹிம்புட்டுத் தேநீர், சீனி வருத்தம் என்னும் நீரிழிவுக்குக் கைகண்டது, வெளிநாட்டு விலை. தும்புத்தடியில் சிக்கினால், கூட்டுகிற கமலத்தின் சொப்பிங் பேக்.

நெடுநாள் அதை அவள் வாசல் ரோசாச் செடிக்குத்தான் கொட்டினாள். குடிக்கத் தொடங்கியது, கெசுவல் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு. மெடிக்கல் பரிசோதனை உண்டு, சீனி இருந்தால் கழித்துவிடுவார்கள் என்று கம்பனி வேனில் பேசிக்கொண்டார்கள். கமலத்துக்குச் சீனி இருந்தது. கம்பனிக்குத் தெரியாது. அவள் குடியிருந்த மஹய்யாவ முழுக்கத் தெரியும்.

எப்படித் தெரியாமல் போகும்? பக்கத்து வீட்டு வடிவம்மாவுக்கு, அடுத்தவர் அடுப்பில் என்ன கொதிக்கிறதென்று மூக்காலேயே வாசிக்க வரும்.

"என்னா கமலம், எங்க வூடு வரைக்கும் கசக்குது. பாவக்காயா?"

"கொஞ்சம் சாறு எடுத்தேங்கா."

"பாவக்கா மட்டும் பத்தாது புள்ள. எங்க சம்பந்தி வூட்டுல கோவக்கீரையில கஞ்சி காச்சிக் குடிக்கிறாங்க. சீனி இருந்த எடமே தெரியல."

"அவங்களுக்குச் சீனி இருந்துச்சா?"

"இல்லாட்டி எப்பிடி எறங்கும்?"

மறுநாளே கோவக்கீரை வந்தது. மேல் வீட்டிலிருந்து கறுவாப்பட்டை ஊறிய தண்ணீர் போத்தலில் இறங்கியது. வேனில் பக்கத்து சீட்டுக்காரி றம்லத் வெந்தயம் கொடுத்தாள். கமலம் யாருக்கும் முகம் கோணவில்லை. பெரியாஸ்பத்திரி கிளினிக் மாத்திரையையும் விடவில்லை. கொடுத்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சாக்கில் வந்து, அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சீனிக்கும் கண் இமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பார்த்தால்தான் மனசு ஆறியது.

"எல்லாத்தையும் ஒண்டாக் குடிக்காதீங்க கமலக்கா," என்றாள் றம்லத். "மருந்தும் மருந்தும் சண்ட புடிக்கும்."

"புடிக்கட்டும். எது செயிச்சாலும் எனக்கு நல்லதுதானே."

"இவ்வளவு பாடு படுறதுக்கு நிரந்தரம் இல்லாட்டித்தான் என்ன?"

"ஒனக்கென்னா, ஆயிட்ட. கிளினிக் போறன்னா லீவு குடுக்குறாங்க. நான் போனா அன்னைக்குச் சம்பளம் இல்ல. அதுனாலதானே ரெண்டு தடவைக்கு ஒரு தடவ கிளினிக்க விட்டுர்றேன்."

கமலம் சேர்ந்த பிறகு பல வருடம் கழித்து வந்தவள் றம்லத். போன வருடம் நிரந்தரமானாள். பெயர் தைத்த வெள்ளைக் கோட்டு அவளுடையது. கெசுவல் ஆட்கள் வீட்டுக் கவுனோடு நிற்பார்கள்.

மெடிக்கலுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டுமென்று கமலம் முதல் நாள் இராச்சோற்றையும் விட்டாள். காலையில் பாகற்காய்ச் சாறு, கூட்டிய தூளில் போட்ட தேத்தண்ணி, மேலே மாத்திரை. கசாயம் சாப்பாட்டில் சேராது என்பது வடிவம்மாவின் தீர்ப்பு.

டொக்டர் வரத் தாமதித்தது. வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கமலத்துக்கு முதலில் கை நடுங்கியது. பிறகு கழுத்து வேர்த்தது. எட்டிப் பார்க்க வந்த றம்லத்திடம் "கண்ணக் கட்டுது புள்ள" என்றவள், அப்படியே சுவரோடு சரிந்தாள்.

தாதி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சீனி அடிமட்டத்தில் இருக்கிறது, இனிப்பாக எதையாவது கொடுங்கள் என்று கத்தினாள். றம்லத் கன்டீனுக்கு ஓடிச் சீனியைக் கொட்டிக் கலக்கிய தேத்தண்ணியோடு வந்தாள். பயந்து பயந்து ஒதுக்கிய சீனியைக் கமலம் கண்ணை மூடிக் குடித்தாள். தெளிந்ததும் என்னென்ன மருந்து என்று டொக்டர் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிற்பகல் சுப்பர்வைசர் திலக்ஷன் கூப்பிட்டான்.

"நிரந்தரத்துக்கு டொக்டர் ஒத்துக்கலக்கா. வேல செய்யக்குள்ள மெசின்ல விழுந்தா யாரு பொறுப்பு?"

"அப்ப வேலைக்கு வர வேணாமா சேர்?"

"யாரு வர வேணாம்னது? நாளைக்கு வாங்க. கெசுவல்தானே, அதுக்கு மெடிக்கல் இல்ல. கொன்டெய்னர் ஒன்னு போகணும்."

அன்று மாலை வடிவம்மா படியிலேயே காத்திருந்தாள். கமலம் செருப்பைக் கழற்றுவதற்குள், "எவ்வளவுக்கு எறங்குச்சி?" என்றாள்.

"மயங்கி விழுற அளவுக்கு."

"பாத்தியா! கோவக்கீரை சும்மாவா?" என்றாள் வடிவம்மா. வேலை என்ன ஆனதென்பது அதற்கப்புறந்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கேட்டாள். கமலம் சொன்னாள். வடிவம்மா எழுந்து அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

கொன்டெய்னர் புறப்பட்ட வாரமே தேநீர் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஆகப் பழைய தொழிலாளியோடு பேச வேண்டுமென்றார்கள். ஆகப் பழைய ஆளான கமலம், மேசைக்கடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். திலக்ஷன் மேசைகளைச் சுற்றிப் பார்த்தான்.

"றம்லத், ஒங்க கோட்டக் கழட்டி அக்காவுக்குக் குடுங்க. கெதியா."

தோளில் இறுக்கிய கோட்டோடு கமலம் முன்னால் நின்றாள். பெட்டித் தூளில் போட்ட தேநீரைக் கையில் கொடுத்தார்கள். குடித்தாள். கூட்டிய தூளைப்போல இதில் மண் கடிபடவில்லை.

"இது குடிச்சு ஒங்களுக்குச் சீனி எறங்கிச்சான்னு கேக்குறாங்க," என்றான் திலக்ஷன்.

"எறங்கிச்சி சேர்."

அவன் அதை இங்கிலீசில் சொன்னான். வந்தவர்களில் ஒருத்தி நெஞ்சில் கை வைத்து மகிழ்ந்தாள். கோட்டில் தைத்திருந்த பெயரை எழுத்துக்கூட்டி, "தேங்க் யூ, றம்லத்" என்றாள். சுவரோரம் நின்ற றம்லத் நிமிர்ந்து பார்த்தாள். கமலம் கோப்பையைப் பிடித்தபடி தலையாட்டினாள். படம் எடுத்தார்கள்.

கார் கேட்டைத் தாண்டும்வரை எல்லோரும் கையசைத்தார்கள். பிறகு கமலம், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, கோட்டை மேல் பொத்தானிலிருந்து கழற்றத் தொடங்கினாள்.