பெரிய சில்லு

இறக்கக்கண்டிக் கரையில் யேசுரட்ணத்தின் பிக்கப் மணலுக்குள் புதையாத நாள் அபூர்வம். காலையில் கரைவலை இழுத்து முடிந்ததும், மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருகோணமலைச் சந்தைக்கு அவன் ஓட வேண்டும். வண்டி கொஞ்சத் தூரம் நகரும். பிறகு பின்சில்லுகள் இரண்டும் நண்டு வளை தோண்டுவதுபோல் மணலை வாரி எறிந்துவிட்டு, அச்சுவரை இறங்கிவிடும். வலை இழுத்துக் களைத்த ஆட்கள் மறுபடியும் அம்பாப் பாட்டெடுத்துத் தள்ளுவார்கள்.

"யேசு, இண்டைக்குப் பட்டதில உன்ர வண்டிதான் பெரிய மீன்" என்று வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி பஸ்தியாம்பிள்ளை சொல்லுவார். தினமும் ஒரே பகிடி. ஆனால் தினமும் புதிதாய்க் கேட்டவர்போல் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

தள்ளுவதுகூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்பைத்தான் யேசுரட்ணத்தால் தாங்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புது டயரைக் கண்ணால் காண்பதே அரிது. அந்த நேரம் பார்த்து, நகரத்தில் கராஜ் வைத்திருந்த ஸெய்னுதீனிடம், பழைய ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய நாலு பெரிய சில்லுகள் வந்து சேர்ந்தன. யேசுரட்ணம் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெண் பார்க்கப் போனவன்போல் நேராகப் பார்க்கவும் கூச்சம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இதைப் பூட்டினா மணலில ஓடுமோ, ஸெய்னுதீன் நானா?"

"ஓடும் எண்டுதான் நினைக்கன். ஆனா வண்டி உசரும். முழுசாத் திருப்பினா மட்காட்டில உரசும், அதை வெட்ட வேணும்." ஸெய்னுதீன் கையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப வெட்டாதீங்க. உங்கட அந்தோனியார் பெருநாள் முடியுமட்டும் ஓடிப் பாருங்க. பிடிச்சா வெட்டுவம், பிடிக்காட்டி திருப்பிக் கொண்டு வாங்க."

பின்னேரம் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவன் பெண்சாதி அருள்மலர் குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன, வண்டிக்குப் பொய்க்கால் கட்டியிருக்கிறியள்?"

"ஏறிப் பாரும். உலகமே தெரியும்."

சந்தையில் மீன் விற்பவள் அவள்தான். தினமும் அவனோடு முன்சீற்றில் போகிறவள். சேலையைத் தூக்கிப் பிடித்து, கதவைப் பிடித்து, கடைசியில் அவன் கையைப் பிடித்து ஒருவாறு ஏறினாள். "அடுத்த முறை ஒரு ஏணியும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

மறுநாள் கரையில் வெறும் வண்டி மணல்மேல் ஜோராக ஓடியது. யேசுரட்ணம் சம்மாட்டியாரைக் கடந்து போகும்போது வேண்டுமென்றே ஹோர்ன் அடித்தான். ஆனால் பெட்டி ஏற்றத் தொடங்கியதும் கதை மாறியது. பின்பலகை நெஞ்சுக்கு மேல் நின்றதால் ஒரு பெட்டி சரிந்து, பஸ்தியாம்பிள்ளையின் தலையில் சூடை மீன் மழையாய்க் கொட்டியது. பாரம் ஏறிய வண்டி முன்பைவிடச் சற்று அதிக தூரம் போய், முன்பைவிட ஆழமாகப் புதைந்தது.

"பழகினா சரிவரும்" என்றான் யேசுரட்ணம்.

"ஆருக்கு? வண்டிக்கோ, மணலுக்கோ?" என்று அருள்மலர் கேட்டாள்.

மட்காட்டை வெட்டுவதா, சில்லைத் திருப்பிக் கொடுப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. உயரத்திலிருந்து வேலிகளுக்கு மேலால் ஊரைப் பார்த்துக்கொண்டு போவதில் ஒரு ராஜகளை இருந்தது. அதை எப்படி விடுவது?

இப்படி யோசித்துக்கொண்டிருக்கையில் பெருநாள் வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தோனியாரின் சொரூபம் அவனுடைய பிக்கப்பில்தான் ஊரைச் சுற்றி வரும். பூவும் கடதாசிச் சோடனையுமாக வண்டி புறப்பட்டது. கடற்கரை ஒழுங்கை வாசலில் பெடியள் கட்டியிருந்த தோரண வளைவுக்குக் கிட்ட வந்ததும், முன்னால் நடந்த பாதர் இரண்டு கையையும் தூக்கினார்.

"நில்லு, நில்லு! இடிக்கப் போகுது!"

பெடியள் பழைய வண்டியின் கணக்கில் வளைவைக் கட்டிவிட்டார்கள். அந்தோனியாரின் தலைவட்டத்துக்கு நாலு விரல் இடம் போதவில்லை. சொரூபத்தை அவிழ்ப்பதென்றால் சோடனை முழுவதும் குலையும். வளைவைக் கழற்றலாமென்றால் பெடியள் அழுதுவிடுவார்கள் போலிருந்தது.

"அந்தோனியார் தலை குனியமாட்டார், யேசுரட்ணம். நீதான் ஒரு வழி சொல்ல வேணும்" என்றார் பாதர்.

யேசுரட்ணம் இறங்கி வந்து வளைவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். கூட்டத்துக்குள்ளிருந்து அருள்மலரின் குரல் வந்தது.

"சில்லில காத்தைத் திறந்து விடுங்கோவன்!"

நாலு பக்கமும் ஆட்கள் குந்தினார்கள். பாடல் ஒரு பக்கம், உஸ்ஸென்ற சத்தம் ஒரு பக்கம். அந்தோனியார் மெல்ல மெல்லத் தாழ்ந்து, வளைவைத் தொடாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பாதரே கைதட்டினார்.

அடுத்தது வள்ளங்களை ஆசீர்வதிக்கக் கடற்கரை. வழமைபோல் வண்டியை இழுக்கக் கயிற்றோடு ஆட்கள் நின்றார்கள். ஆனால் அந்தோனியாரும் சோடனையும் ஏறி நின்ற பெடியளுமாய், அவ்வளவு பாரத்தோடும் பிக்கப் மணல்மேல் வாத்து நடப்பதுபோல் ஆடி ஆடிப் போய், வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றது. கயிற்றுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பாத்தீரோ பெரிய சில்லின்ர வேலையை!" என்று யேசுரட்ணம் துள்ளினான்.

"இதே சில்லுதானே அண்டைக்குப் புதைஞ்சது?" என்று பக்கத்தில் வந்து நின்ற அருள்மலர் கேட்டாள்.

"அண்டைக்கு அந்தோனியார் மேல இருக்கேல்லயே!"

"அவரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. காத்துக் குறைஞ்ச டயர் பாய் மாதிரி அகண்டு கிடக்கு, பாருங்கோ. நாளைக்குப் பழைய சில்லைப் பூட்டிக் காத்தைக் குறைச்சு ஓடிப் பாருங்கோ. புதைஞ்சா, நீங்கள் மட்காட்டை வெட்டுங்கோ. நான் வாயே திறக்கமாட்டன்."

அருள்மலர் வாய் திறக்காமல் இருப்பதா? அதற்காகவாவது செய்து பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் சின்னச் சில்லுகள் பாதிக் காற்றோடு, பெட்டி நிறைய மீனோடு, தள்ளுவார் யாருமின்றி ரோட்டில் வந்து ஏறின. பஸ்தியாம்பிள்ளை பகிடியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், பாவம், விழுங்க வேண்டியதாயிற்று. யேசுரட்ணத்துக்கு வெட்கம் பாதி, சந்தோசம் பாதி. அருள்மலர் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சில்லுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸெய்னுதீன் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கு வேண்டியது இதுதான். மணலில இறக்கின காத்தை ரோட்டில திருப்பி ஏத்த வேணுமே" என்று மூலையில் கிடந்த கால் பம்பை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து காலையில் நிலாவெளி ரோட்டால் போகும் பஸ்காரர்களுக்கு ஒரு காட்சி கிடைத்தது. தார் ரோட்டின் ஓரத்தில் மீன் வண்டி நிற்கும். புருஷனும் பெண்சாதியும் ஒரு சில்லுக்கு ஒருவராக மாறி மாறிப் பம்பை மிதிப்பார்கள். "இது உம்மட முறை" என்பான் யேசுரட்ணம். "யோசனை என்ரது. மிதிக்கிறது உங்கட வேலை" என்பாள் அருள்மலர். சொல்லிக்கொண்டே இறங்கி வந்து மிதிப்பாள்.