நாற்பது லாரி சேறு

எங்கள் கப்பல் துறையின் அடிச்சேறு எவ்வளவு கறுப்பு தெரியுமா? அதில் ஒருநாள் கரிமூட்டை ஒன்று விழுந்தது, வெள்ளையாகத் தெரிந்தது. தோக் சுத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் தூர்வாரும் கிரேன் ஓட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அந்தச் சேற்றை இப்போது மூடிபோட்ட வாளியால் அள்ளுகிறார்கள். தார், ஈயம், பாதரசம், இன்னும் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர்களெல்லாம் அதில் இருக்கிறதாம். முகமூடி மாட்டிக்கொண்டு, ராஜகுமாரியைப் பல்லக்கில் தூக்குவதுபோல் தூக்குகிறார்கள். நாங்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அள்ளினோம், அதே கையால் ரொட்டியும் தின்றோம். ஓய்வுபெற்ற நாலு பேர் தினமும் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவையோடு கரையில் உட்கார்ந்து அவர்களுக்கு மதிப்பெண் போடுவோம். போன வருஷம் ஏழு பேர் இருந்தோம்.

ஒரு காலை, அந்த வேலையை நடத்தும் இன்ஜினியர் ரொமினா வரைபடத்தோடு எங்களிடம் வந்தாள்.

"ஐயா, நீங்க இங்கதான் வேலை பார்த்தீங்களாமே?"

"வேலையா? இந்தத் துறையையே நான்தாம்மா தோண்டினேன். ஒத்தக் கையால."

பக்கத்தில் இருந்த ஒஸ்வால்தோ, கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவன், குடுவையை உறிஞ்சினான். "விட்டா கடலையும் நானே தோண்டினேம்பான். எழுதிக்காதே தாயி."

அவள் வரைபடத்தை விரித்தாள். துறையின் அடி முழுக்கச் சேறு என்று கறுப்பு. கிழக்குச் சுவரோரம் மட்டும் ஒரு மூலை காலி.

"இங்க இருந்ததை யாரோ எப்பவோ அள்ளியிருக்காங்க. எங்க போச்சுன்னு தெரிஞ்சாகணும். அது மேல யாராவது கீரை போட்டுச் சாப்பிட்டுட்டு இருந்தா..."

நான் வரைபடத்தின் அந்தக் காலி மூலையில் விரலை வைத்தேன்.

பெருவெள்ளம் வந்த வருஷம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் கொல்லையை மேடாக்குவது எங்கள் ஊர் வழக்கம்; மண் எங்கே சும்மா கிடைக்கிறதோ அங்கே லாரி போகும். நான் கிரேனில் இருந்தேன். கிழக்குச் சுவரோரச் சேற்றை அள்ளி அனுப்பினேன். தெருவே கூடி எனக்கு மாட்டிறைச்சி சுட்டு விருந்து வைத்தது. அரை மாடு. நான் மந்தை என்று சொல்வேன். அன்றிலிருந்து நான் 'மண் கொடுத்த பால்தசார்'. எந்த விருந்தானாலும் எழுந்து நின்று, "நாற்பது லாரி" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன்.

"நான்தாம்மா அள்ளினேன்," என்றேன். "எங்க தெருவுல கொட்டினேன்."

"ஆரம்பிச்சுட்டான்யா நாற்பது லாரியை," என்றான் ஒஸ்வால்தோ. மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரொமினாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வரைபடத்தைச் சுருட்டினாள். "ஒரு பிடி மண்ணு கொண்டாங்க ஐயா. சோதிச்சுப் பார்த்துடலாம்."

மண்வெட்டியோடு காசிமிரா வீட்டுக்குப் போனேன். முதல் லாரி போன வீடு அது. புருஷன் அன்செல்மோ செத்து ஆறு வருஷம். கொல்லையில் கீரை, வெங்காயம், ஒன்பது கோழி. முட்டையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு.

"என்ன பால்தசார், புதையலா?"

"கொஞ்சம் தள்ளி நில்லு."

முழங்கை ஆழத்துக்குச் செங்கல் துண்டுகள். அதற்குக் கீழே கறுப்பு. தாரும் அழுகின முட்டையும் கலந்த நாற்றம் மேலே வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். எதையும் கூட்டாமல் சொன்னதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

காசிமிரா கோழித்தீனி டப்பாமேல் உட்கார்ந்தாள். "இந்த நாத்தம் எனக்குத் தெரியும். மழை பெஞ்சா அடுப்படிக்கு வரும். துறையிலேர்ந்து வருதுன்னு ஜன்னலைச் சாத்திக்குவேன்."

ஒரு கோழி குழிக்குள் எட்டிப் பார்த்தது. அவள் அதைக் காலால் தள்ளினாள்.

"அன்செல்மோவுக்கு ரத்தத்துல நோய் வந்துச்சே, அது இதனாலயா?"

"தெரியாது."

"எல்லாத்துக்கும் ஒரு கதை வெச்சிருப்பியே."

"இதுக்கு இல்ல."

"நெசமா எத்தனை லாரி?"

"பதினொண்ணு. உன் வீட்டுக்கு ரெண்டு."

அவள் உள்ளே போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கீரை சூப்பைப் பானையோடு தூக்கிவந்து குழியில் ஊற்றினாள். பிறகு ஒரு வாளியில் கறுப்பு மண்ணை நிரப்பி, மேலே துணியைப் போட்டாள்.

"இன்ஜினியரம்மாவுக்கு அப்புறம் கொடுப்போம். மிச்சம் ஒன்பது லாரி எந்தெந்த வீட்டுக்கு?"

சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள்.

"சரி, கிளம்பு. நீ தனியாப் போனா சிரிப்பாங்க. நான் வாளியோட வரேன். நீ வாயைத் தொறக்காதே."

அடுத்த வீட்டு நிக்கானோர் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். பேத்தி ஒருத்தி மண்ணில் கரண்டியால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிக்கானோர் வாயெல்லாம் பல்லாக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாய்யா மண் கொடுத்த மகராசா. உட்காரு, முதல் துண்டு உனக்குத்தான்."

நான் உட்காரவில்லை. காசிமிரா முதலில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வாளியின் துணியை விலக்கினாள்.