நாலாவது பஞ்சு

...இல்லை, பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு யாக்குப் வராமல் இருந்ததே இல்லை, போன ஜனவரியில் கூரை ஓடு பறந்த புயலன்றுகூட வந்தான், கதவைத் தள்ளிக்கொண்டு, "காபி இருக்கா, இல்ல நானே போட்டுக்கவா" என்று கேட்டபடி, செருப்பை நடையில் உதறிவிட்டு... இப்போது மணி பத்தே முக்கால். ரன்வா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறிய தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டியில் எச்சில் பரிசோதனைக்கான இரண்டு குழாய்கள் தயார், ஒன்று எழுந்தவுடன், ஒன்று அரைமணி கழித்து, பஞ்சுச் சுருளை இரண்டு நிமிடம் வாயில் அடக்கி, எச்சில் ஊறியதும் குழாயில் போட்டு மூட வேண்டும், இன்னும் மூன்று பாக்கி, நண்பகலில், நாலு மணிக்கு, படுக்கப் போகுமுன். சாதாரணமாக இருங்கள் என்று எல்ஸ்பா சொல்லியிருந்தாள், தோர்ஷாவ்ன் ஆஸ்பத்திரி நர்ஸ், பேசும்போது கையைப் பிடித்துக்கொள்ளும் பெண். "பயந்தா, கவலைப்பட்டா உடம்புல ஒரு சுரப்பு ஏறும் ரன்வா. நம்ம செல் ஒவ்வொண்ணும் தன் குப்பையைத் தானே தின்னு, அதுலயே புதுசா ஏதாவது செஞ்சுக்கும். அந்தச் சுரப்பு இறங்காமலே இருந்தா குடல்ல இந்த வேலை மந்தமாகுதா, குப்பை தேங்கித்தான் புண்ணாகுதான்னு பாக்கறோம். அந்தச் சுரப்பு எச்சில்ல தெரியும், அதுக்குத்தான் இது." உலகத்திலேயே இந்தக் குடல் புண் அதிகம் இந்தப் பரோ தீவுகளில்தானாம், அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் லேசான பெருமை வந்த மாதிரி இருந்தது, கால்பந்தில் ஜெயித்த மாதிரி... ரன்வாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றது, ஏனென்றால் யாக்குப் தெருவில் வந்துகொண்டிருந்தான்.

வந்தான், அவள் ஜன்னலைப் பார்த்தான், கூட வந்த அவன் நாய் வழக்கம்போல அவள் வாசலைப் பார்த்துக் குரைக்கப் போனது, அவன் சட்டென்று குனிந்து அதன் வாயைக் கையால் பொத்தினான். பொத்தியபடியே, நாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எழுபது வயது மனிதன், நுனிக்காலில் நடந்து போனான். எதற்கு? இதற்கு முன் பின்வீட்டுத் துரி அக்காவும் அப்படித்தான், பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் இவளைக் கண்டதும் பாதி ஈரத்துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, கேட்பதில்லை, வருவார்கள், அவ்வளவுதான், குளித்துக்கொண்டிருந்தால் குளியலறைக்கு வெளியே நின்று கதை சொல்வார்கள். காலையிலிருந்து ஓர் ஆள் இல்லை. இப்படி ஒரு காலை அவளுக்கு ஏற்கெனவே தெரியும்... ஒன்பது வயது, அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், எதிர்வீட்டுப் பெண்கள் தெருமுனையில் கூட்டமாக நின்றார்கள், ஒருத்தியும் உள்ளே வரவில்லை, அம்மா "இன்னிக்கு என்ன எல்லாருக்கும் கால் வலியா" என்று சிரித்தாள், அப்புறம் கதவு தட்டப்பட்டது. தட்டுகிற ஒரே மனிதர் பாதிரியார்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். மாமாவின் படகு மூழ்கியிருந்தது.

கணவன் ஹேயின் கிளம்பி மூன்று வாரம் ஆகிறது, ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில், நேற்று ராத்திரி காற்று அடித்த வேகத்துக்கு... வேண்டாம். சாதாரணமாக இரு. வானொலியைப் போடலாமா? போட்டால் நண்பகலில் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள். துரி அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், இருபது அடிதான், ஆனால் கேட்டால் பதில் வரும். கேட்காதவரை அவன் கப்பல்மேல்தளத்தில் நின்று யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருக்கிறான். பன்னிரண்டுக்கு மூன்றாவது பஞ்சை வைத்தபோது வாயில் எச்சிலே இல்லை, நாக்கு காகித அட்டை மாதிரி இருந்தது, நாலு நிமிடம் ஆனது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்தி ஆறு வாரம் ஆகியும் கன்னம் இன்னும் உப்பல்தான், "நிலாவைக் கட்டிக்கிட்டேன்னு நினைச்சுக்கறேன்" என்பான் அந்த முட்டாள், மறுபடி புண் கிளம்பினால் கோபன்ஹேகனுக்கு அனுப்பிக் குடலையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னபோது அவன் மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தபடி படித்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை கழிப்பறைத் தாளில் சிவப்பு. புதன்கிழமை அவன் போன் செய்து, "வயிறு எப்படி?" என்றபோது, "கல்லு மாதிரி இருக்கு, நீ உன் வலையைப் பாரு" என்றாள். எல்ஸ்பாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்? கடைசியாக அவனிடம் பேசியது பொய்யாகப் போயிற்றே, அதுதான் கடைசி என்றால்...

மூன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது.

மெதுவாக, மூன்று தரம். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள், நடையில் மாட்டியிருந்த அவனுடைய பழைய கம்பளிச் சட்டையை ஏன் கையில் எடுத்தாள் என்று தெரியவில்லை, அதைப் பிடித்தபடியே திறந்தாள். துரி அக்கா நின்றாள், கையில் தொப்பி இல்லை, புளிக்கும் ருபார்ப் தண்டு போட்ட கேக் இருந்தது.

"உள்ள வரலாமா?" என்றாள் துரி, அதுவும் ரகசியக் குரலில்.

"எந்தக் கப்பல்?" என்றாள் ரன்வா.

"என்ன கப்பல்? ஐயோ, ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்கே?"

"சொல்லிடுங்கக்கா. ஹேயினுக்கு என்ன?"

"அவனுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கான். நேத்து ராத்திரி அந்தக் காத்துலயும் கப்பல் போன்லேருந்து வீடு வீடா பேசினான். நாளைக்கு ரன்வாவுக்கு ஏதோ எச்சில் பரிசோதனை, மனசு அலையக் கூடாதாம், ஒருத்தரும் படியேறக் கூடாது, சத்தம் போடக் கூடாதுன்னு கட்டளை. யாக்குப்புக்கு ரெண்டு தரம் சொன்னானாம்."

"அப்ப ஏன் தட்டினீங்க?"

"கேக்கை வெச்சுட்டு ஓடிடலாம்னு வந்தேன், திடுதிப்புனு உள்ள நுழைஞ்சா நீ பயந்துடக் கூடாதேன்னுதான்."

ரன்வா சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று துரிக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. கொல்ல வேண்டும் அவனை, வரட்டும், முதலில் கட்டிக்கொண்டு அப்புறம் கொல்ல வேண்டும்... ஊரே சேர்ந்து நுனிக்காலில் நடந்திருக்கிறது, ஒரு நாய்கூட வாயைத் திறக்கவில்லை, எல்லாம் அவளுடைய ஒரு சுரப்புக்காக. துரி கேக்கை வைத்துவிட்டு, "யாக்குப்பைக் கூட்டிட்டு வரேன், பாவம் அந்தாளு, காலையிலேருந்து காபி இல்லாம மூஞ்சி செத்துக் கிடக்கு" என்று போனாள், இந்தத் தடவை கதவை வழக்கம்போல் அறைந்து சாத்தினாள், அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது.

நாலு மணி. அலாரம். நாலாவது பஞ்சை வாயில் வைத்தாள். எல்ஸ்பா கொடுத்த தாளில் ஒரு கேள்வி: இன்று மனத்தைக் கலக்கிய நிகழ்ச்சி எதுவும் உண்டா? பேனாவை எடுத்தாள், அதற்குள் போன் அடித்தது.

"ரன்வா! கரைப்பக்கம் வந்துட்டோம், என் போன்லயே சிக்னல் கிடைச்சுது. எப்படி, அமைதியா இருந்துச்சா? எல்லாம் என் ஏற்பாடு." பெருமை பொங்கும் குரல். அவள் பஞ்சைக் கன்னத்தில் ஒதுக்கிப் பார்த்தாள், பேச முடியவில்லை, இன்னும் ஒன்றரை நிமிடம். "ரன்வா? கேக்குதா?" காற்றின் சத்தம். "ரன்வா... ஏன் பேச மாட்டேங்குறே? என்ன ஆச்சு? ரத்தம் வந்துச்சா?" குரல் மெலிந்துகொண்டே போனது, அந்த மெலிவில் இருந்த பயத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது, காலையிலிருந்து இந்தச் சமையலறையில் அதோடுதான் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ரத்தத்தை மறைத்து நானும் நாயின் வாயைப் பொத்திக்கொண்டு நடக்கிறேனோ, அவன் காதில் அந்த மௌனம் எப்படி விழுந்திருக்கும்... இன்னும் ஒரு நிமிடம் பாக்கி. பஞ்சைத் துப்பினாள், அது தரையில் உருண்டது.

"இருக்கேன்."

"அப்பாடா. வயிறு?"

கல்லு மாதிரி, என்று நாக்கின் நுனி வரை வந்தது.

"ஹேயின், நின்னுட்டிருக்கியா, உக்காந்திருக்கியா?"

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம். அதனூடே ஏதோ ஒரு பெட்டியை இழுக்கும் ஓசை.

"உக்காந்துட்டேன்" என்றான்.