ஒஸ்வால்டின் பில்டரும் பேர்ணடெற்றின் போத்தலும்

மனைவி பேர்ணடெற் இறந்த மூன்றாம் மாதம், றேமண்டுக்கு மலைக்காற்று வேண்டும் என்று மச்சான் ஒஸ்வால்ட் தீர்மானித்தார். இறந்தவள் ஒஸ்வால்டின் சொந்தத் தங்கைதான். ஆனாலும் அவருக்குக் காற்று தேவைப்படவில்லை. அவரிடம் நுகேகொடையில் வாங்கிய தண்ணீர் பில்டர் இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து நக்கிள்ஸ் மலையடிவாரம் வரை வேனில் மகள் ஷெரோமிக்கும் றேமண்டுக்கும் அதைப் பற்றியே பேசினார். பில்டர் வருவதற்கு முன் மனிதகுலம் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து எப்படித் தப்பியது என்பது அவருக்கே விளங்கவில்லை. றேமண்ட் "ஓம்" சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய பைக்குள் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. பேர்ணடெற் கடைசியாகக் கோயிலுக்குப் போன செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பிடித்துவந்த தீர்த்தம். அவர் அதைக் குடிக்கவுமில்லை, தெளிக்கவுமில்லை. வீட்டில் தனியாக விட்டுவர ஏலவில்லை, அவ்வளவுதான்.

மலையில் ஓர் ஓடைக்கரையில் தங்கினார்கள். புதர்ப் பற்றைக்குப் பின்னால் ஒதுங்கப் போன றேமண்ட், திரும்பிவர மறந்து கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். அதற்குள் ஒஸ்வால்ட் எல்லோருடைய பைகளையும் திறந்து, எல்லாப் போத்தல்களையும் பில்டருக்குள் கவிழ்த்துவிட்டார். வடிகட்டியதை அவரே முழுதாக நம்பவில்லைபோலும், கேத்தலில் கொதிக்கவும் வைத்திருந்தார்.

"உன்ட சோடாப் போத்தலடியில பாசி, மச்சான். குடிச்சிருந்தா உன்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கியிருக்கவேணும். இப்ப பார், கண்ணாடி மாதிரி."

ஷெரோமி அந்தக் கேத்தலிலேயே தேயிலையும் சீனியும் போட்டு, மூன்று கப்பில் பிளேன்டீ ஊற்றினாள். ஒஸ்வால்ட் தன்னுடையதை உடனே ருசி பார்த்து, தலையாட்டிப் பாராட்டினார்.

"அது தீர்த்தம்," என்றார் றேமண்ட். "பேர்ணடெற் கொண்டுவந்தது."

ஷெரோமி கேத்தலைக் கீழே வைத்தாள். ஒஸ்வால்டால் அதிகநேரம் பேசாமல் இருக்க முடியாது.

"பில்டர் கிருமியைத்தான் பிடிக்கும், ஆசீர்வாதத்தைப் பிடிக்காது. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"டடி, கொஞ்சம் சும்மா இருங்க."

றேமண்ட் தன் கப்பைக் குடித்து முடித்தார். கேத்தலில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதையும் குடித்தார். ஷெரோமி வாய் வைக்காத தன் கப்பை நீட்டினாள்.

"இந்தாங்க மாமா."

அதையும் சுடச்சுடக் குடித்தார். அழுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அழுகை வரவில்லை, நாக்கு மட்டும் எரிந்தது. பிறகு ஒஸ்வால்டிடம் கையை நீட்டினார்.

"நான் பாதி குடிச்சிட்டன், மச்சான்," என்றார் ஒஸ்வால்ட்.

"மிச்சத்தத் தாங்க."

ஒஸ்வால்ட் எந்த விளக்கமும் சொல்லாமல் கொடுத்தார். றேமண்ட் அடிவரை குடித்தார். கப்பைக் கவிழ்த்து, ஒன்றும் விழவில்லை என்று பார்த்தார்.

"சீனி கூடிப்போச்சு," என்றார்.