மஞ்சள் கட்டம்

பழைய படக்கதைத் தொகுப்புகளை இன்றைக்குப் படிக்கலாமா வேண்டாமா என்று என் தம்பி ஒரு வீடியோ போட்டிருந்தான். வேண்டாமாம். இதைச் சொல்ல அவனுக்கு அரை மணி நேரம் வேண்டியிருந்தது. நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள், விமர்சனமெல்லாம் எனக்கு வராது. ஆனால் அவன் பேசியது வடிகட்டின உளறல் என்று எவன் முன்னாலும் சொல்வேன்.

அவன் கிழித்துத் தொங்கவிட்டது 'செம்புத்தலையன்' கதைகளை. செம்பில் செய்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் துப்பறியும் ஒரு முரடன். எங்கள் சின்ன வயதில் வாரம் எட்டுப் பக்கம் வரும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து குண்டுப் புத்தகங்களாகப் போட்டார்கள். வாராவாரம் வந்த கதை என்பதால் எட்டுப் பக்கத்துக்கு ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும். 'இதுவரை: தலையன் கப்பலுக்குள் மாட்டிக்கொண்டான். கதவு திறக்கவில்லை. காற்று குறைகிறது.' தொகுப்பிலும் அந்தக் கட்டங்களை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

"எட்டுப் பக்கத்துக்கு ஒரு தடவை நடந்ததையே திருப்பிச் சொல்றாங்க. வாசகனை மடையன்னு நினைக்கற எழுத்து!" என்றான் தம்பி வீடியோவில். இன்னும் என்னென்னவோ சொன்னான். வில்லன் கத்தியை எடுக்கும்போதே 'இதோ கத்தியை எடுக்கிறேன்' என்பானாம். பெண்கள் வந்தால் அலறி மயங்கி விழுவதோடு சரியாம். அதெல்லாம் உண்மைதான். ஒரு படத்தில் தலையனுக்கு ஒரே கையில் ஆறு விரல், நானே பார்த்திருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டுமே! யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் லிஃப்ட் குழிக்குள் விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது. பழைய ஞாபகமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. புதிதாக நடப்பதுதான் தங்குவதில்லை. காலையில் சாப்பிட்டது மதியம் தெரியாது. தனிக்கட்டை என்பதால் என் வீட்டில்தான் இருக்கிறான். "வாயாடி, நான் ஏன் உன் வீட்ல இருக்கேன்?" என்று கேட்பான். சொல்வேன். தலையாட்டுவான். நான் ஒரு உறைக்கு விளிம்பு அடித்து முடிப்பதற்குள் மறுபடி அதையே கேட்பான். சில நாள் ரெக்சின் சுருளுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வருவேன்.

நிறையப் படிக்கச் சொன்னார் டாக்டர். உடனே தம்பி, பரிசு வாங்கிய புதுப் படக்கதைகளாகக் கொண்டுவந்து குவித்தான். நல்ல மனதோடுதான் செய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேச்சே இல்லாமல் பக்கம் பக்கமாகப் படம், முன்னும் பின்னுமாகத் தாவும் கதை. அண்ணன் மூன்றாம் பக்கம் போனதும் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுவான். மறுபடி போவான், மறுபடி திரும்புவான். யாரோ திட்டிய பிள்ளையைப் போல அவன் முகம் சிறுத்துவிடும்.

பொறுத்துப் பார்த்துவிட்டுப் பரணில் கிடந்த செம்புத்தலையனை இறக்கினேன். சின்ன வயதில் அண்ணன் அதைத் தொட்டதே இல்லை. ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்குவதுதான் அவன் பொழுதுபோக்கு. அந்தப் புத்தகங்களோடு சாப்பிட்டு, அந்தப் புத்தகங்களோடு தூங்கியது தம்பிதான்.

அண்ணன் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஃபோம் அடுக்கின்மேல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். கதை கைநழுவப் போகும் நேரம் பார்த்து ஒரு மஞ்சள் கட்டம் வந்துவிடும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த எட்டுப் பக்கம் ஏறுவான். இப்படியே சில நாள் போனது. ஒரு காலையில் திடீரென்று தொடையில் தட்டினான்.

"இந்தக் கப்பல் சமையக்காரன்தான் அன்னிக்கே உப்பு மூட்டைய ஒளிச்சு வெச்சானே! இவன்தான் ஒற்றன்!"

அந்த உப்பு மூட்டை எந்தக் கட்டத்திலும் வரவில்லை. முதல் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் வந்தது. அதை அவன் படித்தே நாலைந்து நாள் ஆகியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான்.

இதைத் தம்பியிடம் சொன்னால் நம்ப வேண்டுமே! ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் அவன் ஏற்கெனவே அண்ணனுக்கு இடம் பார்த்து வைத்திருந்தான். "உனக்கும் வேலை இருக்குல்ல அக்கா? அவனுக்குத்தான் எங்க இருக்கோம்னே தெரியலையே, எங்க இருந்தா என்ன?" என்றான். இல்லத்து அம்மா நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அண்ணனை அங்கே அனுப்பினால், நான் வந்து பார்த்துவிட்டுப் போவதுகூட அவன் மனதில் தங்காது, கைவிட்டுவிட்டோம் என்றே நினைப்பான் என்று பயந்தேன்.

அந்த வாரம் பார்த்துத்தான் தம்பி, வீடியோவில் காட்ட வேண்டும் என்று ஐந்து புத்தகத்தையும் எடுத்துப்போனான். காட்டினான். காட்டிவிட்டு, போட்டியில் ஜெயித்த எவனோ ஒருவனுக்குப் பரிசாக அனுப்பியும் விட்டான்! பதிலுக்கு அண்ணனுக்கென்று செம்புத்தலையன் முதல் புத்தகத்தின் புதுப் பதிப்பு ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தான். வழவழ தாள், புது வண்ணம்.

"மஞ்சள் கட்டத்தையெல்லாம் தூக்கிட்டாங்க அக்கா. தடங்கலே இல்லாம ஓடும், பாரு."

ஓடியது அண்ணன்தான். முதல் பக்கத்துக்கும் நாலாம் பக்கத்துக்குமாக மல்லாடிவிட்டு, புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். தெருத்தெருவாகத் தேடினேன். கடைசியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டுக்குள் இருந்தான். எந்த மாடியில் இறங்குவது என்று தெரியாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா? இதுக்குத்தான் இல்லம்னு சொன்னேன்," என்றான் தம்பி.

"வாய மூடு. மூழ்கறவன் கையில இருந்த கயித்தப் பிடுங்கிட்டு, நீச்சல் தெரியலன்னு குத்தம் சொல்றியா?"

அதற்கு இரண்டாம் நாள்தான் இல்லத்து அம்மா வருவதாக இருந்தது. மறுநாள் வேலை செய்யலாம் என்றால் காலையிலிருந்து கரண்ட் இல்லை. சும்மா உட்காருவேனா? அளவு வெட்ட வைத்திருந்த மஞ்சள் தாளை எடுத்தேன், ரெக்சின் ஒட்டும் பசையை எடுத்தேன். புதுப் புத்தகத்தைப் பிரித்தேன்.

வந்திருந்த தம்பி பதறினான். "அக்கா! அது லிமிடெட் எடிஷன்! பசையத் தடவாத!"

தடவினேன். எட்டாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் துண்டை ஒட்டி, நினைவிலிருந்ததை எழுதினேன். 'இதுவரை: தலையன் கயிற்றை அறுத்தான்.' தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"தப்பு. அவன் அறுக்கல. அறுத்த மாதிரி நடிச்சான்."

"மடையனுக்கு எழுதின கதைன்னியே, வரி பிசகாம வெச்சிருக்க?"

தம்பி மஞ்சள் தாளை என் பக்கம் நகர்த்தினான்.

"அப்ப நீ சொல்லு. நான் எழுதறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டான். அண்ணன் எதிரே ஃபோம் அடுக்கின்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். கடலில் விழுந்த நண்பனை அங்கேயே விட்டுவிடலாம் என்று கப்பலில் எல்லோரும் சொல்ல, தலையன் மட்டும் மறுக்கும் இடம் வந்தது. அங்கே தம்பியின் பேச்சைக் காணோம்.

"என்னடா, தூங்கிட்டியா?" என்றேன் நிமிராமலே.

"ஒண்ணுமில்ல. எழுது."

பொழுது சாய்வதற்குள் புத்தகம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. தாள் சுருங்கி, முதுகு வீங்கி, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

காலையில் இல்லத்து அம்மா வந்தார். மென்மையான குரல், கையில் ஃபைல். அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து என்ன நடந்துச்சு? சொல்லுங்க, கேப்போம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். அவன் விரல் புத்தகத்தின் வீங்கிய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுவரை..." என்றான் அண்ணன். நிறுத்தி, மூச்சு வாங்கினான். "இதுவரை, லிஃப்ட் மெக்கானிக் குழியில விழுந்தான். தலைல அடி. தங்கச்சி வீட்ல இருக்கான். அவளுக்கு வாய் ஜாஸ்தி. நேத்து தம்பி கதை சொன்னான், அவ எழுதினா. சொல்லும்போது தம்பி அழுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கட்டத்திலும் நான் அதை எழுதவில்லை. தம்பி அழுததை நான் பார்க்கவே இல்லையே!

தம்பியின் முகம் சிவந்துவிட்டது. "நான் எங்க அழுதேன்? ஃபேன் காத்துல கண்ணு எரிஞ்சுது."

அண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஃபேன் எங்கடா ஓடுச்சு? நேத்து கரண்டே இல்ல."

இல்லத்து அம்மா பேனாவை மூடினார். நான் எழுந்துபோய் வாசல் கதவை அகலமாகத் திறந்து, "போயிட்டு வாங்கம்மா," என்றேன்.