மூன்றாவது சூடம்

கம்சலாவை யாரும் முனியிடம் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவளாகத்தான் போனாள், அவளாகத்தான் கேட்டாள். அதை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகிற இருபத்திரண்டு உருப்படிகளுக்கு மூக்குத் துடைத்து, சோறூட்டி, தூங்கவைக்கிற வேலை. வயது இருபத்தெட்டு. கிரிஷாந்தனும் அதே தோட்டத்துப் பிள்ளைதான், அப்புத்தளையில் ஹார்ட்வேர் கடையில் நிற்கிறான். ஒரு வருசப் பழக்கம். பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. வீட்டார் காட்டிய மாப்பிள்ளைக்குத் தலையாட்டுகிற கதை இல்லை இது. சாயந்தரம் அவன் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறி வருவதைக் கண்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். அந்த அளவுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அவ்வளவு பிடித்ததால்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் ஊரெல்லாம் வாழ்த்தியிருக்கும்.

சொன்னது இதுதான். கட்டுநாயக்காவில் கார்மெண்ட்டில் வேலை பார்த்தபோது, போர்டிங்கில் ஒரே அறையில் விஜயலெட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். மூன்று வருசம் இருவரும் காதலித்தார்கள். சிநேகிதம், பாசம் என்று பூசி மெழுகாமல் காதல் என்றே சொன்னாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது கம்சலா தோட்டத்துக்குத் திரும்பினாள். போகாதே என்று விஜி சண்டை பிடித்தாள். அத்தோடு முறிந்தது. இரண்டு வருசமாகப் பேச்சில்லை.

கிரிஷாந்தன் முதலில் சிரித்தான்.

"அதெல்லாம் போர்டிங்ல பொம்பளப் புள்ளைக வெளையாடுறதுதானே. ஆம்பள இல்லாத எடத்துல அப்பிடித்தான் இருக்கும்."

"வெளையாட்டு இல்லைங்க. நெசமாவே அவமேல ஆசையா இருந்தேன்."

"அப்ப என்மேல?"

"ஒங்கமேலயும்தான்."

"அது எப்பிடிப் புள்ள? ஒண்ணு இங்க இருக்கணும், இல்லாட்டி அங்க இருக்கணும்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் அவளைத் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை போன் எடுத்தால், அது வெறும் விளையாட்டு, சும்மா பெரிய கதை விடுகிறாள் என்பான். வியாழக்கிழமை எடுத்தால், அவளுக்கு ஆம்பளையே ஆகாது, ஊர்வாய்க்குப் பயந்து தன்னை மறைப்புக்குக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள் என்பான். ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு பக்கமும் போகிறவளுக்கு ஒருத்தன் எப்படிப் போதும் என்பான். எந்தக் கிழமையாக இருந்தாலும் அவள் பொய்க்காரி. அதில் மட்டும் மாற்றமில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கம்சலாவே சொன்னாள்: "முனிக்கிட்ட சூடம் அணைக்கிறேன். அப்பவாவது நம்புவீங்களா?"

அந்தத் தோட்டத்தில் அதற்கு மேல் ஒரு கோர்ட் கிடையாது. நாலாம் நம்பர் மலையில், பெரிய மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும், அதுதான் முனி. கோழி களவு போனாலும், புருசன் பெண்டாட்டிக்குள் சந்தேகம் என்றாலும், குற்றம் சுமந்தவர் அங்கே போய்ச் சூடம் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சந்தேகப்பட்டவர் உடனே தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொள்ள வேண்டும். பூசிவிட்டால் பேச்சு முடிந்தது. ஒரே விசயத்துக்கு மறுபடியும் சூடம் கொளுத்தினால் அது முனியையே சந்தேகப்பட்டதாகும். ஊரறிந்த கள்ளன் கை வைத்துச் சொன்னாலும் யாரும் அதற்கு மேல் மூச்சு விட்டதில்லை. கள்ளனுக்குக் கிடைப்பது தனக்குக் கிடைக்காதா என்று கம்சலா நினைத்தாள். பாவம்.

கிரிஷாந்தன் சம்மதித்தான். ஒரே நிபந்தனை. "அவளும் வரணும்."

விஜயலெட்சுமி அப்போது அப்புத்தளையில் ஒரு தையல் கடையில் இருந்தாள். கம்சலாவின் போனிலிருந்து நம்பரை எடுத்து அவனே கூப்பிட்டான். இருவரும் போனிலேயே கண்டபடி ஏசிக்கொண்டார்கள். கடைசியில் வருகிறேன் என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. கம்சலா லீவு சொல்லியிருந்தாள். காலைப் பெரட்டில் பெயர் பதிந்து சனமெல்லாம் அடுத்த மலைக்குக் கொழுந்துக்குப் போன பிறகு மூவரும் மரத்தடிக்கு வந்தார்கள். விஜி மெலிந்து போயிருந்தாள். நனைந்த குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்சலாவை ஏற இறங்கப் பார்த்தாள். கம்சலாவுக்குள் எழுந்ததைப் பழைய ஆசை என்று சொல்ல முடியாது. அது இருந்த இடம் வலித்தது.

கிரிஷாந்தன் சூடம் கொளுத்தினான்.

"முனி அப்பா," என்றாள் கம்சலா. "இந்த விஜிய நெசமா நேசிச்சேன். இவர நெசமா நேசிக்கிறேன். ரெண்டுல எது பொய்யின்னாலும் என் கை அழுகிப் போகட்டும்." கையை ஓங்கி வைத்தாள். சூடம் அணைந்தது.

திருநீற்றுத் தட்டு நடுவில் இருந்தது. யாரும் தொடவில்லை.

"கம்சி," என்றாள் விஜி. "வீட்டுக்குப் பயந்துதான நீ இவரக் கட்டப்போற? அத மட்டும் முனிக்கிட்டச் சொல்லு. ஆம்பள மேல ஆசையாம்! மூணு வருசம் ஒன்கூட இருந்தவ நானு. என்கிட்டயே கத விடுறியா?"

"பாத்தியா?" என்றான் கிரிஷாந்தன். "அவங்களே சொல்றாங்க."

நேற்றுவரை ஒருத்தரை ஒருத்தர் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள் இப்போது ஒரே பக்கத்தில் நின்றார்கள். கம்சலா பொய் சொல்கிறாள் என்பதில் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. எந்தப் பாதி பொய் என்பதில்தான் தகராறு.

அவன் இரண்டாவது சூடத்தை வைத்தான். அப்படிச் செய்யக் கூடாது என்று தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்சலா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தீக்குச்சியைக் கிழித்தான்.

அவள் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். கை வைத்தாள். இந்தத் தடவை சூடம் உடனே அணையவில்லை. உருகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. பல்லைக் கடித்து அழுத்தினாள். கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரையாவது பார்த்து ஒருவர் தட்டுக்குக் கை நீட்டியிருக்கலாம்.

"முனிக்கிட்டயே ரெண்டு நாக்குல பேசுற நீ," என்றான்.

மூன்றாவது தடவை மூன்று கட்டிச் சூடத்தைச் சேர்த்து வைத்தான். குரலை உயர்த்தவில்லை. கடையில் ஆணி எடைபோடும்போது பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இல்லாட்டி நேரா ஒங்க அம்மாகிட்டப் போயி, இந்தக் கதையச் சொல்லிப் பரிசத்த நிப்பாட்டிருவேன். லயத்துல வீட்டுக்கு வீடு தெரியட்டும். பொறவு ஒன்னைய நம்பிப் பிள்ளைக்காம்பராவுல எவ புள்ளைய விடுறான்னு பாப்போம்."

கம்சலா விஜியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவ சொல்றது நெசம்தான் அண்ணே என்று விஜி சொன்னால் போதும்.

"சொல்லித் தொல," என்றாள் விஜி. "ஏதாவது ஒண்ணச் சொல்லு."

சூடம் பற்றிக்கொண்டது. கம்சலா கல்லையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை.

"விஜியோட இருந்தது ஒண்ணுமில்ல. வெறும் கூட்டாளி. அவமேல எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்ல."

வெந்த கையை மறுபடியும் வைத்தாள். முனி ஒன்றும் செய்யவில்லை. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

கிரிஷாந்தன் பெரிய மூச்சாக விட்டான். மூன்று விரலால் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு இருந்திருக்காதே புள்ள," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

கம்சலா விஜியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், அவள் கூட இருந்தவள், அவளாவது இதை நம்பமாட்டாள் என்று நினைத்தாள்.

விஜி குனிந்து தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். "நானும் ரெண்டு வருசமா இதத்தான் யோசிச்சேன்," என்றாள். "விட்டுட்டுப் போனப்பவே தெரிஞ்சிருக்கணும். என்னைய வச்சுப் பொழுதப் போக்கியிருக்க." நெற்றியில் இட்டுக்கொண்டு, குடையை விரித்து, தேயிலைக்கு நடுவே இறங்கிப் போனாள். ஓடிப் போய் இல்லை என்று சொல்லக் கம்சலாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அதுவும் பொய்யாகத்தான் போயிருக்கும்.

கிரிஷாந்தன் தன் கைக்குட்டையைப் பைப்புத் தண்ணீரில் நனைத்து வந்து அவள் கையில் சுற்றினான். மெதுவாக, நோகாமல் சுற்றினான். டவுனிலிருந்து மருந்து வாங்கி வருவதாகச் சொன்னான். யாராவது கேட்டால் அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தான். பரிசத்துக்கு எடுக்கப் போகிற சேலையின் நிறத்தைக்கூடக் கேட்டான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டான்:

"இப்பச் சொல்லு. என்மேல ஆசைதான?"

கம்சலா தனக்குள் தேடிப் பார்த்தாள். காலையில் மலை ஏறும்போது இருந்தது. முதல் சூடத்திலும் இருந்தது, அதை வைத்துத்தானே சத்தியம் செய்தாள். இப்போது எங்கே தேடியும் இல்லை.

"ஆமாங்க," என்றாள்.

அதையும் அவன் நம்பினான்.